கஸ்டமர் கம்ப்யூட்டரில் மட்டும் கோடு உடைகிறது: கிராபிக்ஸ் டிரைவர் பிழைகளைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி இதுதான். திருப்பூரில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து, பனியன் துணிக்கான ஸ்ட்ரைப், பிரிண்ட் டிசைன்களைத் திரையில் காட்டும் மென்பொருள் ஒன்றை எழுதி விற்கிறார்கள். விண்டோஸில், சி பிளஸ் பிளஸ் மொழியும், கிராபிக்ஸ் கார்டிடம் படம் வரையச் சொல்லும் கட்டளைத் தொகுப்பான ஓபன்ஜிஎல்லும் வைத்து எழுதியது. தங்கள் ஆபீசில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. வெளியே போனால் நான்கு விதமான புகார். கரூரில் ஒரு ஹோம் டெக்ஸ்டைல் கஸ்டமருக்குச் சில டிசைன்கள் மட்டும் சாய்ந்து, வரி வரியாக இழுத்துக்கொண்டு வருகின்றன. அவிநாசி ரோட்டில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் ஜன்னல் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஈரோட்டில் ஒரு லேப்டாப்பில் முழு அளவு டிசைனைத் திறந்தால் திரை ஒரு நொடி கறுத்து, புரோகிராம் செத்துப்போகிறது. இன்னொரு இடத்தில் கலர் மட்டும் வெளிறித் தெரிகிறது. “எல்லாம் டிரைவர் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) கோளாறு. பேசாமல் ஜிபியுவை (கிராபிக்ஸ் சிப்பை) விட்டுவிட்டு எல்லாருக்கும் சிபியுவிலேயே வரைந்துவிடலாமா?” என்று கேட்கிறார்கள்.

வேண்டாம். கீழ்பவானி வாய்க்காலில் ஒரு மடை ஒழுகினால் அந்த மடையைத்தான் அடைப்பார்கள், பவானிசாகர் ஷட்டரை இறக்க மாட்டார்கள். ஆனால் சிபியுவில் வரையும் வழி ஒன்று உங்கள் மென்பொருளுக்குள் கட்டாயம் இருக்க வேண்டும். ஜிபியு படுத்துவிட்டால் ஒதுங்குவதற்கு அது தேவை. அதைவிட, படம் எப்படி வந்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வதற்கு இன்னும் அதிகமாகத் தேவை. நான் கோவையில் கேட் (கணினி வடிவமைப்பு) மென்பொருள்களின் டிஸ்ப்ளே பகுதியில் வேலை செய்பவன். இந்த இரண்டாவது பயனைப் பலரும் யோசிப்பதே இல்லை.

முதலில் டிரைவர் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு வடிகட்டல். கரூர் புகாரைப் பாருங்கள். “சில டிசைன்கள் மட்டும்” சாய்கின்றன என்கிறீர்கள். டிரைவர் பிழை என்றால் அந்த மெஷினில் எல்லா டிசைனும் அல்லவா கெட வேண்டும்? சாய்கிற டிசைன்களின் அகலத்தைப் பிக்சலில் எண்ணிப் பாருங்கள். உங்கள் படங்கள் ஆர்ஜிபி, ஒரு பிக்சலுக்கு 3 பைட் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 1022 என்றால் ஒரு வரிக்கு 3066 பைட். ஓபன்ஜிஎல்லில் படத்தை ஏற்றும்போது ஒவ்வொரு வரியும் 4-ஆல் வகுபடும் இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் இயல்புநிலை. நீங்கள் அன்பேக் அலைன்மென்ட் என்ற இந்த அமைப்பை 1 என்று மாற்றாவிட்டால், வரிக்கு 3068 பைட் என்று டிரைவர் படிக்கும். வரிக்கு 2 பைட் நகர்ந்து நகர்ந்து படம் சாயும், கலரும் கலங்கும். இது விதிப்படியான நடத்தை. எந்தக் கார்டிலும் இப்படித்தான் வரும். அந்தக் கரூர் ஃபைலை வாங்கி உங்கள் ஆபீசிலேயே திறந்தால் அங்கேயும் சாயும் என்று நினைக்கிறேன். உங்கள் சோதனை டிசைன்கள் எல்லாம் 512, 1024 என்று அழகான அகலத்தில் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இதே மாதிரி, டிரைவர் தலையில் விழும் நம் பிழைகள் இன்னும் சில உண்டு. டெக்ஸ்சருக்கு (கார்டில் ஏற்றிய படத்துக்கு) ஃபில்டர் எதுவும் சொல்லாமல் விட்டால், மிப்மேப் (அதே படத்தின் சிறிதாக்கிய பிரதிகள்) இருக்கிறது என்று ஓபன்ஜிஎல் எடுத்துக்கொள்ளும். மிப்மேப் கொடுக்காவிட்டால் டெக்ஸ்சர் முழுமையற்றது, கறுப்பாக வரும். ஷேடருக்குள் (பிக்சலின் நிறத்தைக் கணக்கிட ஜிபியுவில் ஓடும் சின்ன நிரலுக்குள்) ஓர் இஃப் நிபந்தனையின் உள்ளே வைத்து டெக்ஸ்சரைப் படித்தால், பக்கத்து பிக்சல் வேறு கிளையில் போகும்போது எந்த மிப்மேப்பை எடுப்பது என்ற கணக்கு வரையறையின்றிப் போய்விடும். ஒரு கார்டில் ஒன்றும் தெரியாது, இன்னொன்றில் பிரிண்ட்டின் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். இதற்குப் படிப்பதை இஃப்புக்கு வெளியே கொண்டுவந்துவிட்டு, விடையை மட்டும் உள்ளே பயன்படுத்த வேண்டும். அப்புறம் என்விடியாவின் ஷேடர் கம்பைலர் வெகுகாலமாகவே கொஞ்சம் தாராள மனசுக்காரர். அதை அனுமதிக்காத பதிப்பில் முழு எண்ணை மிதவை எண்ணுக்குப் போட்டாலும், பதிப்பு எண்ணுக்குப் பொருந்தாத எழுத்துமுறை இருந்தாலும் பல நேரம் பேசாமல் ஏற்றுக்கொள்வார். லினக்ஸில் அதிகம் ஓடும் திறமூல டிரைவர் தொகுப்பான மேசா அதைத் தூக்கி எறிந்துவிடும். உங்கள் ஆபீசில் எல்லா மெஷினும் ஒரே கம்பெனி கார்டு என்றால், அங்கே ஓடுவதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

ஒரு நூல் கோடு விஷயம் தனி. ஃபீடர் ஸ்ட்ரைப்பில் ஒற்றைக் கோர்ஸ் (ஒரு பின்னல் வரிசை) கோடுகளை ஜூம் குறைத்துப் பார்த்தால் கோடு மினுக்கும், இல்லாத பட்டை ஒன்று தோன்றும். மெர்ச்சண்டைசர்கள் இதைத்தான் “கோடு உடையுது” என்பார்கள். இது மொய்ரே. பிக்சலைவிடக் கோடு மெல்லியதாகிவிட்டால் எந்த டிரைவரும் காப்பாற்ற முடியாது. மிப்மேப்பும் அனிசோட்ரோபிக் ஃபில்டரும் போட்டுக் கோட்டைக் குழைத்துவிடுவதுதான் வழி.

இதையெல்லாம் கழித்த பிறகும் மிச்சம் இருப்பதை எப்படி நிரூபிப்பது? அங்கேதான் சிபியு ரெண்டரர் (சிபியுவிலேயே படம் வரையும் மென்பொருள்) வருகிறது. மேசா திட்டத்தில் எல்எல்விஎம்பைப் என்று ஒரு ரெண்டரர் உண்டு. ஓபன்ஜிஎல் கட்டளைகளை அப்படியே வாங்கி, ஷேடரை எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவி மூலம் சிபியுவுக்கான கட்டளைகளாக மாற்றி, எல்லா கோர்களிலும் பிரித்து வரையும். லினக்ஸில் ‘லிப்ஜிஎல் ஆல்வேஸ் சாஃப்ட்வேர்’ என்ற சூழல் மாறியை 1 என்று வைத்தால் போதும். விண்டோஸில் மேசாவின் ஓபன்ஜிஎல்32 டிஎல்எல்லை உங்கள் புரோகிராமின் எக்ஸி ஃபைலுக்குப் பக்கத்தில் வைத்தால் புரோகிராம் அதையே எடுத்துக்கொள்ளும். ஓபன்ஜிஎல்லுக்கு இணையான மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்3டி பக்கம் என்றால் விண்டோஸ் 7 முதலே வார்ப் என்ற ரெண்டரர் விண்டோஸோடு வருகிறது. கூகுளின் ஸ்விஃப்ட்ஷேடரும் இதே வேலையை, ஓபன்ஜிஎல்லுக்கு அடுத்த தலைமுறையான வல்கனுக்குச் செய்கிறது.

ஒரே காட்சியைக் கஸ்டமர் கார்டிலும், வேறு கம்பெனி கார்டு ஒன்றிலும், சிபியுவிலும் வரையுங்கள். மூன்றையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிட வேண்டாம். எல்லாக் கார்டும் ஒரே பிக்சலைத் தர வேண்டும் என்று ஓபன்ஜிஎல் விதியே சொல்லவில்லை. ஓரங்களில் ஒன்றிரண்டு அளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அதற்கு ஓர் எல்லை வைத்துக்கொண்டு, அதைத் தாண்டுவதை மட்டும் பாருங்கள். இரண்டு ஒத்துப்போய் ஒன்று மட்டும் விலகினால், விலகியது மேல் சந்தேகப்படலாம். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் பெரும்பாலும் நம் நிரலில்தான் வரையறையில்லாத ஏதோ ஒன்று இருக்கிறது.

கஸ்டமர் மெஷினை நீங்கள் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஏபிஐட்ரேஸ் என்ற கருவி, புரோகிராம் அனுப்பும் ஓபன்ஜிஎல் கட்டளைகளை எல்லாம் ஒரு ஃபைலில் பதிந்துவிடும். அங்கே பதிந்து, இங்கே ஓட்டிப் பாருங்கள். இங்கே சரியாக வந்தால் கட்டளைகளில் பெரிய தப்பு இல்லை என்று தெரியும். ஒரு ஃபிரேமை மட்டும் பிரித்து மேய ரெண்டர்டாக் நல்லது, ஆனால் அதற்கு ஓபன்ஜிஎல் 3.2 கோர் ப்ரொஃபைலாவது வேண்டும். ஓபன்ஜிஎல் 4.3 முதல் இருக்கும் டீபக் செய்தி வசதியையும் திறந்து வையுங்கள். டிரைவரே வாய் திறந்து சொல்லும் விஷயங்கள் நிறைய உண்டு.

ஷேடர் கம்பைலர் மேல் சந்தேகம் என்றால் இன்னொரு அழகான வழி இருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தொடங்கி, 2018-இல் கூகுளிடம் போன கிராபிக்ஸ்ஃபஸ் என்ற திட்டத்தின் அடிப்படையே இதுதான். அர்த்தம் மாறாமல் ஷேடரை மாற்று. ஒருபோதும் நடக்காத ஓர் இஃப், ஒரே ஒரு முறை சுற்றும் லூப், பூஜ்யத்தைக் கூட்டுவது என்று ஏதாவது சேர். கணக்குப்படி படம் மாறக் கூடாது. மாறினால் கம்பைலர் எங்கோ தடுமாறியிருக்கிறது. கையாலேயே இதைச் செய்து பார்க்கலாம், சீக்கிரம் விடை கிடைக்கும்.

இப்படி மாற்றிப் பார்ப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் உலகத்தில் பாதிப் பேர் பயன்படுத்தும் பிரவுசருக்குள் இதே வேடிக்கைதான் நிரந்தரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆங்கிள் என்று ஒரு நூலகம் இருக்கிறது, 2010-இல் கூகுள் அறிவித்தது. ஓபன்ஜிஎல்லின் சுருங்கிய வடிவமான ஓபன்ஜிஎல் ஈஎஸ் கட்டளைகளை டைரக்ட்3டி, வல்கன், ஆப்பிளின் மெட்டல் என்று அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி மாற்றித் தருவது அதன் வேலை. அந்த நிரலைத் திறந்து பார்த்தால் சுற்றுவழிகளின் ஒரு கண்காட்சியே இருக்கும். இன்டெல் கிராபிக்ஸ் உள்ள மேக்குகளில் லூப்பின் நிபந்தனையைக் கணக்கிடுவதில் ஒரு பிழை இருந்தது. அதற்கு மருந்து, நிபந்தனையோடு ‘அண்ட் ட்ரூ’ என்று ஒட்டிவிடுவது. அதே குடும்பத்தில் மிதவை எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் தப்பு வந்தது, அதனால் பூஜ்யத்திலிருந்து கழி என்று மாற்றி எழுதுகிறார்கள். முழு எண்ணின் ஆப்ஸ் (கழித்தல் குறியை நீக்கும் கணக்கு) தப்பான விடை தந்தது, அதைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஷேடர் கம்பைலரில், அடுக்கு முழு எண்ணாக இருக்கும்போது பவ் (அடுக்கு) கணக்கைச் சுருக்குவதில் ஒரு பிழை. அதற்கு அடுக்கைப் பெருக்கலாக விரித்துவிடுகிறார்கள். உங்கள் கரூர் புகாருக்குத் தம்பி முறை ஆகிற ஒன்றும் உண்டு: பஃபரிலிருந்து (நினைவகத் துண்டிலிருந்து) படத்தை ஏற்றும்போது, கடைசி வரிக்குப் பின்னாலும் இட்டுநிரப்பு பைட்டுகள் இருக்க வேண்டும் என்று சில டிரைவர்கள் தப்பாக எதிர்பார்த்தன. அதனால் கடைசி வரியை மட்டும் தனியாக ஏற்றுகிறார்கள்.

குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியத்தில் இவையெல்லாம் நிரலுக்குள் அங்கங்கே சிதறிக் கிடக்கவில்லை. டிரைவர் பிழைப் பட்டியல் என்று ஒரு ஜேசன் ஃபைல் இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண், என்ன பிழை என்று ஒரு வரி விளக்கம், பிழைப் பதிவின் எண், எந்த இயங்குதளம், எந்தக் கம்பெனி, எந்த டிவைஸ், எந்த டிரைவர் பதிப்பு வரை, அதற்கு எந்த ஒர்க்கரவுண்டை (சுற்றுவழியை) போட வேண்டும் என்பது. நிரலுக்குள் “இன்டெல் என்றால்” என்று எங்கேயும் கேட்பதில்லை. “சிசர் பெட்டியை மறுபடி அமைக்க வேண்டுமா” என்று அந்த ஒர்க்கரவுண்டின் பெயரைச் சொல்லித்தான் கேட்கும். குரோமில் முகவரிப் பட்டையில் ‘குரோம்’, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, ‘ஜிபியு’ என்று அடித்தால், உங்கள் மெஷினில் இப்போது எவையெல்லாம் போடப்பட்டிருக்கின்றன என்று காட்டும். அதை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள், நம் மெஷின் மட்டும்தான் மோசம் என்ற எண்ணம் போய்விடும். க்யூட்டி என்ற மென்பொருள் கட்டமைப்பும் கிட்டத்தட்ட இதே வடிவப் பட்டியலைத் தனக்கென்று ஏற்றுக்கொள்ளும்.

உங்களுக்கும் இதே அமைப்பைத்தான் சொல்வேன், ஆனால் ஒரு மாற்றத்தோடு. உங்களிடம் கூகுள் அளவுக்கு மெஷின்களும் இல்லை, ஆட்களும் இல்லை. எந்தக் கார்டில் எந்தப் பதிப்பில் என்ன பிழை என்று பட்டியல் போட்டு மாளாது. அதனால், படம் தப்பாக வருகிற பிழைகளுக்குப் பட்டியலே வைக்காதீர்கள். தொடங்கும்போது சோதித்துப் பார்த்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத 64-க்கு 64 பிக்சல் பஃபரில், விடை முன்கூட்டியே தெரிந்த சில சின்னப் படங்களை வரையுங்கள்: ஒரு பிக்சல் அகலக் கோடுகள், ஒற்றைப்படை அகலத்தில் ஏற்றிய ஒரு டெக்ஸ்சர், பாதி ஒளிபுகும் ஒரு சதுரம், கிளியர் செய்த ஒரு மூலை. திருப்பிப் படித்து, சிபியு கணக்கோடு ஒப்பிடுங்கள். எது பொய்க்கிறதோ அதற்கான ஒர்க்கரவுண்ட் தானாக ஆன் ஆகட்டும். கிளியர் கட்டளை வேலை செய்யாவிட்டால் அந்த நிறத்தில் ஒரு பெரிய சதுரம் வரைந்து அழிக்க வேண்டியதுதான். குரோமியத்திலேயே அப்படி ஓர் ஒர்க்கரவுண்ட் இருந்தது. இந்தச் சோதனைக்குப் பிடிக்கும் நேரம் யாரும் கவனிக்காத அளவுக்குக் குறைவு. நாளை புதிதாக ஒரு டிரைவர் வந்து அதே பிழையைச் செய்தாலும் நீங்கள் புதுப் பதிப்பு வெளியிட வேண்டியதில்லை. டிரைவர் திருந்திவிட்டால் ஒர்க்கரவுண்டும் தானாக ஒதுங்கிவிடும்.

பட்டியல் வேண்டியது தொட்டாலே சாகிற பிழைகளுக்கு மட்டும். மெஷினையே நிறுத்திவிடும் ஒன்றைச் சோதித்துப் பார்க்க முடியாது. அதற்கு ஃபயர்ஃபாக்ஸ் செய்யும் ஒரு தந்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரைவரை முதலில் தொடுவதற்கு முன் டிஸ்க்கில் ஒரு குறி எழுது. பத்திரமாகத் தாண்டிய பிறகு அதை அழி. அடுத்த முறை தொடங்கும்போது குறி அப்படியே இருந்தால், போன தடவை அங்கேதான் விழுந்திருக்கிறோம் என்று அர்த்தம். இந்தத் தடவை நேராக சிபியு வழிக்குப் போய்விடு. பத்து வரி நிரல். கஸ்டமர் இரண்டாவது தடவை டபுள் கிளிக் செய்யும்போது திறந்துவிடும். உங்களுக்கு போன் வராது.

பட்டியலில் எழுதும்போது குறுக்கி எழுதுங்கள். கார்டைத் தயாரித்தவரைக் காட்டும் பிசிஐ கம்பெனி எண்ணில் 8086 என்றால் இன்டெல், பழைய சிப்பின் பெயரையே எண்ணாக வாங்கி வைத்திருக்கிறார்கள். 1002 ஏஎம்டி. 1414 என்றால் மைக்ரோசாஃப்ட்டின் அடிப்படை ரெண்டரர், அதாவது உண்மையான கார்டே இல்லை. வெறும் 8086-க்கு எழுதினால் இந்த ஊரில் உங்கள் கஸ்டமர்களில் பெரும்பாலானவர்களை மொத்தமாகத் தண்டித்தது போல் ஆகிவிடும். டிவைஸ் எண், டிரைவர் பதிப்பின் மேல் எல்லை இரண்டும் இருக்கட்டும். டிரைவர் பதிப்பைப் படிப்பதிலும் ஒரு சிக்கல்: விண்டோஸ் 31.0.15.3623 என்று காட்டுவதைத்தான் என்விடியா 536.23 என்று விளம்பரப்படுத்தும். கடைசி ஐந்து இலக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் புரியும்.

இப்போது அவிநாசி ரோடு மெஷின். அதில் ஓபன்ஜிஎல் ரெண்டரர் பெயரைக் கேட்டால் ‘ஜிடிஐ ஜெனரிக்’, பதிப்பு 1.1 என்று வரும் என்பது என் ஊகம். அப்படியென்றால் கார்டு கம்பெனியின் டிரைவர் உங்கள் புரோகிராமுக்குக் கிடைக்கவே இல்லை, மைக்ரோசாஃப்ட்டின் பழைய மாற்று ஒன்றில் நிற்கிறீர்கள். 1.1-இல் ஷேடர் கிடையாது, ஜன்னல் எப்படித் திறக்கும்? ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திறந்தாலும் பல இடங்களில் இதே பெயர்தான் வரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்து ஆபீஸ்களில் கம்பெனிகள் கழித்த பழைய மெஷின்கள் நிறைய. 2011-இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையும் அவற்றில் இருக்கும். அதில் உள்ள எச்டி 2000, 3000 கிராபிக்ஸுக்கு விண்டோஸ் 10 டிரைவரை இன்டெல் வெளியிடவே இல்லை. பழைய விண்டோஸுக்கு எழுதிய டிரைவரே ஓடுகிறது. அதில் ஒரு குறும்பு: உங்கள் எக்ஸியின் மேனிஃபெஸ்டில் (புரோகிராமைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பில்) “நான் விண்டோஸ் 10-ஐ அறிவேன்” என்று எழுதியிருந்தால், டிரைவருக்கு உண்மையான விண்டோஸ் எண் தெரிந்துவிடும். தனக்குத் தெரியாத எண் என்று அது ஒதுங்கிக்கொள்ளும். எழுதாவிட்டால் விண்டோஸ் பழைய எண்ணையே சொல்லும், டிரைவரும் வேலை செய்யும். ஜாவாவின் புதுப் பதிப்பு இந்த வரியைச் சேர்த்ததும், பழைய இன்டெல் மெஷின்களில் மைன்கிராஃப்ட் திறக்காமல் போனது இதனால்தான். ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டால் திரை அளவு மாற்றம் போன்ற மற்ற வசதிகளில் வேறு வம்பு வரலாம். அந்த மாதிரி மெஷினுக்கு என் தீர்ப்பு நேராக சிபியு வழிதான்.

ஆங்கிளை நீங்களும் பயன்படுத்தலாம். விண்டோஸில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் வெப்ஜிஎல்லுக்கு அதன் மேல்தான் நிற்கின்றன. காரணம், விண்டோஸில் டைரக்ட்3டி டிரைவர்கள் வாங்கும் அடி அதிகம், அதனால் பழுதும் குறைவு. ஓபன்ஜிஎல் டிரைவரை அந்த அளவுக்கு யாரும் சோதிப்பதில்லை. விலை என்னவென்றால் ஈஎஸ் 3.0 அளவுக்குள் உங்கள் ஷேடர்களைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். ஜியோமெட்ரி ஷேடர் கிடையாது, வயர்ஃபிரேம் காட்டும் பாலிகன் மோட் கிடையாது. துணி காட்டுகிற மென்பொருளுக்கு இவை இரண்டும் எதற்கு? இதில் ஒரு கூடுதல் லாபம், ஆங்கிளிடம் வார்ப்பைக் கொடு என்று கேட்டால் அதே நிரல் சிபியுவில் ஓடும். தனியாக ஒரு சிபியு ரெண்டரரை நீங்கள் எழுத வேண்டாம். உங்கள் புகார்களைப் பார்த்த வரையில், ஒரே ஒரு வேலைதான் செய்வோம் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

ஈரோடு லேப்டாப் கதை வேறு. விஸ்டா காலம் முதல் விண்டோஸில் ஒரு காவல்காரர் உண்டு. ஜிபியு ஒரு வேலையை 2 நொடிக்குள் முடித்துவிட்டு அடுத்ததற்கு வராவிட்டால், தொங்கிவிட்டது என்று டிரைவரை ரீசெட் செய்துவிடுவார். திரை கறுத்து வருவது அதுதான். அப்போது உங்கள் ஓபன்ஜிஎல் சூழல் (கார்டில் நீங்கள் உருவாக்கிய டெக்ஸ்சர், ஷேடர் எல்லாம்) முழுதும் போய்விடும். ரிஜிஸ்ட்ரியில் இந்த நேரத்தைக் கூட்டலாம் என்று பலரும் சொல்வார்கள். கஸ்டமர் மெஷினில் அதைச் செய்யாதீர்கள், நாளை வேறு எது தொங்கினாலும் உங்கள் பெயர்தான் வரும்.

முழு அளவு டிசைன் என்றால் கணக்கைப் பாருங்கள். ரோட்டரி ஸ்கிரீன் பிரிண்ட்டில் வழக்கமான ரிப்பீட் 64 செ.மீ. அதை 300 டிபிஐயில் வைத்தால் 7559 பிக்சல். துணி அகலம் 180 செ.மீ. என்றால் சுமார் 21,260 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் கிட்டத்தட்ட 640 எம்பி. பல கார்டுகளில் டெக்ஸ்சரின் ஒரு பக்க எல்லை 16,384 தான், பழையவற்றில் 8192. எல்லையைத் தாண்டினால் ஒழுங்கான டிரைவர் பிழைச் செய்தி தரும், ஒழுங்கற்றது எதையாவது வரையும். மெமரியை சிபியுவோடு பங்கு போட்டுக்கொள்ளும் லேப்டாப்பில் இதை ஒரே மூச்சில் ஏற்றி, அதன் மேல் நூல் தெரிகிற மாதிரி கனமான ஷேடர் ஓட்டினால் 2 நொடி தாண்டாமல் என்ன செய்யும்? 1024 அல்லது 2048 பிக்சல் ஓடுகளாக (டைல்களாக) வெட்டுங்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு பிக்சல் பக்கத்து ஓட்டிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஃபில்டர் செய்யும்போது கோடு தெரியும். திரையில் தெரிகிற ஓடுகளை மட்டும், சில ஓடுகளுக்கு ஒரு முறை ஃப்ளஷ் செய்து அனுப்புங்கள். காவல்காரர் எழுந்திருக்கவே மாட்டார்.

அப்படியும் ரீசெட் ஆனால் தெரிந்துகொள்ள வழி வேண்டும். ஓபன்ஜிஎல்லில் ரீசெட் நிலையைக் கேட்கும் கட்டளை உண்டு, ஆனால் சூழலை உருவாக்கும்போதே “ரீசெட் ஆனால் சொல்” என்று கேட்டிருந்தால்தான் அது உருப்படியான பதிலைத் தரும். டைரக்ட்3டியில் டிவைஸ் பறிபோனது என்ற பிழை தானாகவே வரும். ஒரு முறை போனால் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கித் தொடருங்கள். அதே அமர்வில் மறுபடியும் போனால் சிபியுவுக்கு மாறிவிடுங்கள், மூலையில் ஒரு சின்னச் செய்தியோடு. டிசைன் மெமரியில் நம் பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். டெக்ஸ்சரில் மட்டும் வைத்திருந்தால் அதோடு சேர்ந்து போய்விடும்.

இரண்டு கார்டு உள்ள லேப்டாப்களில் எந்தக் கார்டில் ஓடுகிறோம் என்பதே குழப்பம். என்விடியா, ஏஎம்டி இரண்டுக்கும் எக்ஸியிலிருந்து ஒவ்வொரு குறியீட்டை ஏற்றுமதி செய்தால் பெரிய கார்டைக் கொடுப்பார்கள். 2018 முதல் விண்டோஸ் 10 அமைப்புகளிலேயே புரோகிராம் வாரியாகத் தேர்ந்தெடுக்கவும் முடியும். பெரிய கார்டுதான் நல்லது என்று எப்போதும் நினைக்க வேண்டாம். பிழை அதில் என்றால் சின்னதுக்குத் தள்ளுவதும் ஓர் ஒர்க்கரவுண்ட்தான்.

இன்னொரு விசித்திரம். நாம் டிரைவருக்கு ஒர்க்கரவுண்ட் எழுதுவது போல டிரைவர்களும் புரோகிராம்களுக்கு எழுதி வைத்திருக்கின்றன. மேசாவின் அமைப்பு ஃபைலைத் திறந்தால் எந்த எக்ஸிக்கு எந்தச் சலுகை என்று பெயர் பெயராக இருக்கும். என்விடியா, ஏஎம்டி டிரைவர்களிலும் எக்ஸி பெயரை வைத்து அமைப்புகள் மாறும். உங்கள் எக்ஸிக்கு ‘வியூவர்’ என்று பொதுவான பெயர் வைத்திருந்தால், யாருக்கோ எழுதியது உங்களுக்கும் விழலாம். பெயரை மாற்றி ஓட்டிப் பாருங்கள். படம் மாறினால் விஷயம் புரிந்துவிடும். கஸ்டமர் பையன் கேம் ஆடுவதற்காகக் கன்ட்ரோல் பேனலில் ஆன்டிஅலியாசிங்கை (ஓரங்களை மிருதுவாக்கும் வசதியை) கட்டாயமாக ஆன் செய்து வைத்திருப்பதும் இதே வகை.

சிபியு வழி மெதுவாக இருக்குமே என்ற பயம் பாதிதான் நியாயம். 1920-க்கு 1080 திரை என்றால் ஒரு ஃபிரேமுக்கு 8.3 எம்பி. தட்டையான டிசைனை நகர்த்துவதும் பெரிதாக்குவதும் இன்றைய சிபியுவுக்குப் பெரிய வேலை இல்லை. டி-ஷர்ட் மேல் போர்த்திக் காட்டும் 3டி மட்டும் திணறும். அங்கே திருப்பும்போது பாதி அளவில் வரைந்து, கை நின்றதும் முழு அளவில் வரையுங்கள். எதுவும் மாறாதபோது மறுபடி வரையாதீர்கள். நொடிக்கு 60 தடவை சும்மா வரைந்துகொண்டிருக்கும் புரோகிராம், மே மாதத்தில் ஏசி இல்லாத ஷெட்டில் எந்த மெஷினையும் தானே மெதுவாக்கிவிடும். கூட ஓர் எச்சரிக்கை: இரண்டு வழியிலும் கலர் ஒன்றாக வர வேண்டும். மெஷின் மாறியதும் நீலம் மாறினால் பையருக்கு அனுப்பும் படமே பிரச்சினையாகிவிடும்.

டிரைவரை அப்டேட் செய்யச் சொல்வது சரியான அறிவுரைதான், ஆனால் கன்டெய்னர் கிளம்புகிற வாரத்தில் கம்ப்யூட்டரைத் தொட எந்த ஆபீசிலும் விட மாட்டார்கள். அதனால் கஸ்டமர் கையிலேயே ஒரு சுவிட்ச் கொடுங்கள். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு திறந்தால் சிபியு வழி என்று வையுங்கள். போனில் சொல்லச் சுலபம். உதவி மெனுவில் ஒரே பட்டன், அதை அமுக்கினால் கார்டு பெயர், டிரைவர் பதிப்பு, ஆன் ஆன ஒர்க்கரவுண்டுகள், தொடக்கச் சோதனையின் முடிவு எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வரட்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். ஒர்க்கரவுண்ட் எல்லாவற்றையும் ஆஃப் செய்யும் ஒரு சுவிட்ச் உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும். காந்திபுரம் பக்கம் பழைய மெஷின் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் அந்த சுவிட்சைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். தேவையற்றுப் போனதைத் தூக்கிவிடலாம்.

கடைசியாக அந்த வெளிறிய கலர். முதலில் கஸ்டமரிடம் இரண்டு படம் கேளுங்கள்: ஒரு ஸ்கிரீன்ஷாட், திரையை போனில் எடுத்த ஒரு போட்டோ. ஸ்கிரீன்ஷாட் உங்கள் மெஷினில் சரியாகத் தெரிந்து, போட்டோவில் மட்டும் கலர் மாறியிருந்தால், கோளாறு உங்கள் புரோகிராமைத் தாண்டி இருக்கிறது: நைட் லைட், மானிட்டர் ப்ரொஃபைல், மானிட்டர் பட்டன்கள். நைட் லைட் ஸ்கிரீன்ஷாட்டில் விழாது. ஸ்கிரீன்ஷாட்டிலேயே வெளிறியிருந்தால் காமா (திரைக்கான ஒளி அளவுத் திருத்தம்) இரண்டு தடவை ஏறியிருக்கலாம். ஜன்னலின் சொந்த பஃபர் எஸ்ஆர்ஜிபியா (காமாவைத் தானே சேர்க்கும் வகையா) இல்லையா என்பதில் டிரைவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. அதை நம்பாமல், உங்கள் சொந்த பஃபரில் வரைந்து, கடைசி ஷேடரில் காமாவை நீங்களே கணக்குப் போட்டு, சாதாரண ஜன்னலுக்கு எழுதுங்கள். தொடக்கச் சோதனையில் ஒரு சாம்பல் நிறச் சதுரத்தையும் சேர்த்துக்கொண்டால், உங்கள் பஃபர் வரைக்கும் கணக்கு சரியா என்று அதுவே சொல்லிவிடும்.